அலமாரிக்குள் பச்சை

"உங்க மேல ஒரு புகார் வந்திருக்கு" என்றபடியே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார் இன்சூரன்ஸ் அதிகாரி.

பெயின்டர் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

சாரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்து எட்டு மாதம் ஆகிறது. மனைவியின் நச்சரிப்பு தாங்காமல் எப்போதோ எடுத்து வைத்த வருமானப் பாதுகாப்பு இன்சூரன்ஸ்தான் கைகொடுத்தது. அடிபட்டோ நோயில் விழுந்தோ வேலைக்குப் போக முடியாவிட்டால், சம்பளத்தில் ஒரு பங்கை மாதாமாதம் கொடுத்துவிடுவார்கள். முதல் மூன்று மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது. அப்புறம் தேதி தவறாமல் வருகிறது. வீட்டில் அடுப்பு எரிவதே அதனால்தான்.

"என்ன புகார் சார்?"

அதிகாரி பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துப் படித்தார்.

"'இடுப்பு ஒடிந்தவர் என்று உங்களிடம் பணம் வாங்கும் இந்த மனிதர், பட்டப்பகலில் வீட்டு அலமாரிக்கு உள்பக்கம் பச்சை பெயின்ட் அடிக்கிறார். உடனே நேரில் வந்து விசாரிக்கவும். இப்படிக்கு, உண்மை விளம்பி.'"

"எதிர் வீட்டு டிரைவர்தான்! அவனுக்கு என்னைக் கண்டாலே ஆகாது" என்று பல்லைக் கடித்தார் பெயின்டர்.

தண்ணீர் கொண்டுவந்த மனைவி, "எழுதின புண்ணியவான் நூறு வருஷம் நல்லா இருக்கட்டும்!" என்று டம்ளரை நங்கென்று வைத்தாள்.

"அடிச்சீங்களா, இல்லையா?" என்றார் அதிகாரி.

பொய் சொல்லலாம். ஆனால் விரல் நகத்தைச் சுற்றி இன்னும் பச்சை ஒட்டிக்கொண்டிருந்தது.

"அடிச்சேன் சார். இருபது வருஷமா பிரஷ் பிடிச்ச கை, சும்மா இருக்க மாட்டேங்குது. வெளிச்சுவரைத் தொட்டா யாராவது பார்த்துடுவாங்க. அதான் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அலமாரிக்குள்ள..."

சொல்லும்போதே அவருக்கு வெட்கமாகிவிட்டது.

அதிகாரி எழுந்து உள்ளறைக்குப் போய் அலமாரியைத் திறந்து பார்த்தார். அடுக்கின துணிகளுக்குப் பின்னால், ஒரு கோடு தெரியாமல், கண்ணாடி மாதிரி பளபளத்தது பச்சை.

"எவ்வளவு நேரம் அடிச்சீங்க?"

"ஒரு நாளைக்குக் கால் மணி நேரம். அதுக்கு மேல இடுப்பு விடாது சார்."

"வேலைக்கு யாரும் கூப்பிடலையா?"

"மேஸ்திரி கூப்பிட்டாரு. உட்கார்ந்த இடத்துல கலர் கலக்கிக் கொடுக்கற வேலை. வாரத்துல மூணு அரைநாள். திங்கட்கிழமைக்குள்ள சொல்லலைன்னா வேற ஆளைப் போட்டுடுவாராம். நான் முடியாதுன்னுட்டேன்."

"ஏன்?"

"என்ன சார், தெரியாத மாதிரி கேக்கறீங்க? ஒரு நாள் வேலைக்குப் போனாலும் நீங்க மொத்தத்தையும் நிறுத்திடுவீங்க. அரைநாள் கூலியில மூணு வயிறு ரொம்புமா? பொண்ணு வேற படிச்சிக்கிட்டிருக்கா."

அதிகாரி சிரித்துவிட்டார்.

"யார் சொன்னது அப்படி? உங்க பாலிசி ஏழாம் பக்கத்துல தெளிவா எழுதியிருக்கே!"

"ஏழாம் பக்கம் வரைக்கும் யார் சார் படிக்கிறா? கையெழுத்து போடற பக்கத்தைத்தானே மொதல்ல திருப்பறோம்."

"சரி, நான் சொல்றேன், கேட்டுக்குங்க. டாக்டர்கிட்ட சம்மதம் வாங்கி, எங்களுக்கும் முன்னாடியே சொல்லிட்டு, நீங்க அரைநாள் வேலைக்குப் போகலாம். கூலி வர்ற அளவுக்கு எங்க தொகை குறையும். மிச்சம் வந்துக்கிட்டே இருக்கும். முழுசா குணமானாத்தான் நிக்கும். மனுஷன் மறுபடி எழுந்து நடக்கணும்னுதான் இந்த பாலிசி. மூலையில உட்கார வைக்கறதுக்கு இல்ல."

பெயின்டர் அவரையே பார்த்தார். எட்டு மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் மெல்ல இறங்கிற்று.

"அப்ப... நான் மேஸ்திரிக்குப் போன் பண்ணலாமா சார்?"

"மொதல்ல டாக்டருக்குப் பண்ணுங்க" என்று ஒரு படிவத்தைக் கொடுத்துவிட்டு எழுந்தார் அதிகாரி. "கால் மணி நேரம் பிரஷ் பிடிச்சது ஒரு மோசடியா? புகாரை முடிச்சுடறேன்."

அவர் தெருமுனை தாண்டியதும் பெயின்டர் ஊன்றுகோலை எடுத்தார்.

"எங்கே கிளம்பிட்டீங்க?"

"எதிர் வீட்டுக்கு. கெடுக்க நினைச்சான், நல்லதா முடிஞ்சுது. அதை அவன் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டு வரேன்!"

வாசல் வரை போனவர் நின்றுவிட்டார்.

அலமாரி இருப்பது உள்ளறையில். அதன் உள்பக்கம் பச்சையா, சிவப்பா என்று எதிர் வீட்டுக்காரனுக்கு எப்படித் தெரியும்? அந்த அலமாரியைத் தினமும் திறப்பது ஒரே ஒரு ஆள்தான்.

மெதுவாகத் திரும்பினார். அந்த ஆள் மும்முரமாகத் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அடிப்பாவி! கட்டின புருஷன் மேலேயே மொட்டைக் கடுதாசியா?"

"பின்னே என்னங்க பண்ணச் சொல்றீங்க? வேலைக்குப் போங்கன்னா பணம் நின்னுடும்னீங்க. விவரம் கேளுங்கன்னா, கேட்டாலே சந்தேகப்படுவாங்கன்னீங்க. நாளுக்கு நாள் நீங்க வாடிப்போறதை என்னால பார்க்க முடியல" என்றவள், கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "'என் வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் வேலைக்குப் போகலாமா, தயவுசெஞ்சு சொல்லுங்க'ன்னு பேர் போட்டு மூணு லெட்டர் எழுதினேன். ஒருத்தரும் எட்டிப் பார்க்கல. நாலாவதா, பேர் போடாம உங்களை ஏமாத்துக்காரர்னு எழுதினேன். மூணாம் நாளே ஆள் வந்துட்டாரு!"