பெட்டிக்காரனின் பெயர்

“இவன் பேயாக்கும்,” என்றாள் ஜெஸ்மி, தலையில் இருந்த அட்டைப்பெட்டியை இறக்காமலே.

ஒத்திகை நின்றது.

மாடு வேஷத்துக்குள் இருந்த இரண்டு பிள்ளைகளும் போர்வையை விலக்கித் தலையை நீட்டினார்கள். ஆலயத்துப் பின்கூடம் முழுக்கச் சிரிப்பு.

தக்கலைப் பக்கத்து அந்தச் சபையில், கிறிஸ்துமஸ் தோறும் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் போடுகிற நாடகம் அது. எழுதியவர் ரசலையன் சார். வசனமெல்லாம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மனப்பாடம்.

வளைகுடாவிலிருந்து தலையில் பெட்டியோடு ஒரு பையன் வீட்டுக்கு வருவான். அவன்தான் பெட்டிக்காரன், ஜெஸ்மியின் வேஷம். ஒவ்வொருவரிடமும் போய், நான் வந்துட்டேன் என்பான். யாரும் திரும்ப மாட்டார்கள். அப்பா பேப்பர் படிப்பார். தங்கை வாசலில் நட்சத்திரம் கட்டுவாள். அம்மா முந்திரிக்கொத்து பொரிப்பாள்.

கடைசியில் குடும்ப ஜெபம். அம்மா ஒவ்வொரு பேராகச் சொல்லி, வீட்டு மாட்டின் பேர் வரைக்கும் சொல்லி, ஆமென் என்பாள். தன் பேர் வரும் என்று முழங்காலில் காத்திருந்த பெட்டிக்காரன், பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே போவான்.

மாட்டுக்குக் கிடைத்த ஜெபம் அவனுக்குக் கிடைக்கவில்லை பாருங்கள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும்.

அம்மா வேஷத்துக்கு மட்டும் பெரிய ஆள். ரசலையன் சாரின் தங்கை ஜெபகனி. முதல் வருஷத்திலிருந்தே அவள்தான். அவன் என்ன சொன்னாலும் திரும்பாதே கனி, அதுதான் தமாஷ் என்று அண்ணன் சொல்லிக்கொடுத்திருந்தார்.

அவள் திரும்பியதே இல்லை.

அவளுக்கும் வளைகுடாவில் ஒரு மகன். பெனின். இருதய ஆபரேஷனுக்காக அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவனுடைய போன் நின்றது. வீட்டுக்கு வந்ததும் கேட்டாள். அங்கேயே ஒருத்தியைக் கட்டிக்கொண்டான், இனி நம்மைத் தேடமாட்டான், விட்டுவிடு என்றார் அண்ணன்.

பெற்றவள் பிழைத்தாளா என்றுகூடக் கேட்காத பிள்ளை. சுவரிலிருந்து அவன் போட்டோவைக் கழற்றினாள். ராத்திரி ஜெபத்தில் அவன் பேரையும் விட்டாள். அந்த இடம் வரும்போதெல்லாம் நாக்கு சற்று நிற்கும். பிறகு தாண்டிப்போகும். இத்தனை வருஷமாக அப்படித்தான்.

“கோயில் நாடகத்துல எங்கட்டி பேய்?” ரசலையன் சாரின் குரல் வழக்கத்துக்கு மேல் உயர்ந்தது. “ஆளைக் கவனிக்காத வீடு. அவ்வளவுதான். நீ வசனத்தைச் சொல்லு.”

ஜெஸ்மி விடவில்லை. இந்த வருஷம்தான் நாகர்கோவிலிலிருந்து குடிவந்தவள். இந்த நாடகத்தைப் பார்த்துச் சிரித்துப் பழகாதவள்.

“மாமி மாட்டுக்கும் ஜெபம் பண்ணுதாவ, இவனுக்குப் பண்ணல. செத்தவங்களுக்கு ஜெபம் பண்ணக்கூடாதுன்னு நீங்கதானே சார் படிச்சுத் தந்தீங்க? அப்போ இவன் செத்தவன்லா. அதான் ஒருத்தருக்கும் கேக்கல. மூஞ்சில மாவு பூசட்டா?”

பிள்ளைகள் மறுபடி சிரித்தார்கள். ஜெபகனியும் சிரித்தாள். சிரித்தபடியே அண்ணனைப் பார்த்தாள்.

அவர் ஜெஸ்மியைப் பார்க்கவில்லை. தங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் சந்தித்ததும் குனிந்துகொண்டார்.

ஜெபகனியின் கையில் முந்திரிக்கொத்துக் கரண்டி அப்படியே நின்றது.

நாடகத்தின்போது முன்வரிசைப் பெண்கள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைப்பார்கள். சிரித்துச் சிரித்து வந்த கண்ணீர் என்று நினைத்திருந்தாள். முடிந்ததும் வந்து அவள் கையைப் பிடித்துக்கொள்வார்கள். எளிதில் விடமாட்டார்கள். நன்றாக நடித்தேன் போலிருக்கிறது என்று அவளுக்கு ஒரு சந்தோஷம்கூட.

இந்த நாடகத்தை எழுதுவதற்கும் முன்னால் ஆஸ்பத்திரிக் கட்டில். அண்ணன் பக்கத்தில் முழங்காலிட்டு வீட்டார் எல்லார் பேரையும் சொல்லி ஜெபித்தார். பெனின் பேர் வரவில்லை. பாவம், அலைச்சலில் மறந்துவிட்டார் என்று அவளே முணுமுணுத்துச் சேர்த்துக்கொண்டாள்.

அப்போது அவன்மேல் யாருக்கும் கோபம் இல்லை. அங்கே ஒருத்தியைக் கட்டிய கதையை அண்ணன் அதற்கப்புறம்தான் சொன்னார்.

ஜெபகனி கரண்டியைக் கீழே வைத்தாள். பெட்டிக்காரன் பக்கமாகத் திரும்பினாள். ஜெஸ்மியின் தலையிலிருந்து பெட்டியை மெல்ல இறக்கித் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

நாடகத்தில் அப்படி இல்லையே என்று ஒரு பிள்ளை சொன்னது.

“இன்னைக்குப் போதும் அண்ணே,” என்றாள். “ஜெபம் பண்ணி முடி. எல்லார் பேரையும் சொல்லு. பெனின் பேரையும் சொல்லு.”

ரசலையன் சார் முழங்காலிட்டார். பிள்ளைகளும் கண்ணை மூடி வரிசையாக முழங்காலிட்டார்கள். அவர் தொடங்கினார். ஜெஸ்மியின் பேர், நட்சத்திரம் கட்டுகிறவளின் பேர், மாட்டின் முன்காலுக்கும் பின்காலுக்கும் உரிய பேர்கள், ஒவ்வொன்றாக வந்தன. தங்கையின் பேரும் வந்தது.

அதோடு நின்றது.

தங்கையின் முகத்தைப் பார்த்து வருஷக்கணக்காகப் பொய் சொன்னவர்தான். கண்ணை மூடிக்கொண்டு சொல்ல அவருக்கு வரவில்லை.

பிள்ளைகள் ஆமெனுக்காகக் காத்திருந்தார்கள். ஜெபகனி கண்ணை மூடவில்லை. பெட்டியின்மேல் வைத்த கையை எடுக்கவும் இல்லை.

“மாமி,” என்று போர்வைக்குள்ளிருந்து ஒரு குரல் கிசுகிசுத்தது. “சார் அந்தப் பேரை மறந்துட்டாவ போல.”

“இல்ல மக்கா,” என்றாள் ஜெபகனி. “மறக்கல.”