சத்து மாத்திரை

குளியலறைத் தாழ்ப்பாளை மாமியார் கழற்றிவிட்டார்.

"துருப்பிடிச்சுப் போச்சு" என்றார், ஸ்க்ரூடிரைவரைத் துடைத்தபடி. மருமகள் பார்த்தவரை அது பளபளவென்றுதான் இருந்தது.

இது மட்டுமா? பரணில் இருக்கும் பெட்டியை எடுக்க ஸ்டூலில் ஏறினால், "இறங்கு முதல்ல!" அடுப்பில் எண்ணெய் காய்ந்தால், "நகரு, நான் பார்த்துக்கறேன்." படம் பாதி ஓடும்போதே, "டி.வி.யை அணைச்சிட்டுத் தூங்கு." வாக்கப்பட்டு வந்தோமா, ஜெயிலுக்கு வந்தோமா என்று மருமகளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

இதெல்லாம் போதாதென்று சாப்பாடு முடிந்ததும் ஒரு கேள்வி வேறு.

"சத்து மாத்திரை போட்டுக்கிட்டியா?"

அந்தக் கேள்விக்கு மட்டும் அவள் அவசரமாகத் தலையை ஆட்டிவிட்டு நழுவிவிடுவாள். ஏனென்றால் அது சத்து மாத்திரையே இல்லை. வலிப்புக்கான மாத்திரை. கல்யாணத்துக்கு முன்பே கணவனிடம் ஒளிக்காமல் சொல்லிவிட்டாள். அவன்தான் வழி சொன்னான்.

"அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதே. பயந்துடுவாங்க. அவங்களும் ஏதோ சத்து மாத்திரை போடறாங்க. நீயும் அப்படியே சொல்லிடு."

இப்போது புதுத் தொல்லை ஒன்று. ஈறு வளர்ந்து வளர்ந்து பல்லைப் பாதி மூடிவிட்டது. பிரஷ் பட்டாலே ரத்தம். வாய் நிறையச் சிரிக்கிறவள், சிரிப்பு வந்தால் கையால் பொத்திக்கொள்ள ஆரம்பித்தாள்.

மாமியார் கண்ணுக்கு அதுவும் தப்பவில்லை.

"ஈறு ஏன் இப்படிக் கிடக்கு? கிளம்பு, பல் டாக்டர்கிட்ட போகலாம்."

"நான் மட்டும் போயிட்டு வந்துடறேனே, அத்தை."

"நானும் வரேன்."

வெளியே பெஞ்சில் உட்காருவார் என்று பார்த்தால், செருப்பைக் கழற்றிவிட்டு அறைக்குள்ளேயே வந்து நின்றுகொண்டார்.

டாக்டரம்மா விளக்கைத் திருப்பி, குட்டிக் கண்ணாடியை வாய்க்குள் விட்டுப் பார்த்தார்.

"பல் இடுக்குல அழுக்கு சேர்ந்தா ஈறு வீங்கும். மாசமா இருந்தாலும் வீங்கும்."

மருமகள் அவசரமாகத் தலையை ஆட்டி மறுத்தாள்.

"ஆனா இது வெறும் வீக்கம் இல்லை. கெட்டியா வளர்ந்திருக்கு. சில மாத்திரைகளாலதான் இப்படி ஆகும். என்ன மாத்திரை சாப்பிடறீங்க?"

அவள் மாமியாரை ஓரக்கண்ணால் பார்த்தாள். உண்மையைச் சொன்னால் மாமியார் காதில் விழும். அப்புறம் அந்த வீட்டில் எந்த முகத்தோடு நடமாடுவது? சொல்லாவிட்டால் வைத்தியம் தப்பாகப் போய்விடும்.

"சத்து... சத்து மாத்திரை."

"அதுக்கெல்லாம் ஈறு வளராதே!"

"அப்ப அதை இன்னைக்கே நிறுத்திடறேன், டாக்டர்."

"நிறுத்தாதே!"

கத்தியவர் மாமியார்.

"ஒரு வேளைகூட விடக் கூடாது. திடீர்னு நிறுத்தினா வலிப்பு திரும்ப வந்துடும்டி!"

டாக்டரம்மா கண்ணாடியும் கையுமாக அப்படியே நின்றார். மருமகளுக்குத் திறந்த வாய் மூடவில்லை.

"அத்தை... உங்களுக்கு எப்படி..."

"கல்யாண போட்டோவுல நல்லா சிரிச்சிருந்தியே. அப்பவே ஈறு லேசா ஏறியிருந்துச்சு. எனக்கு ஆரம்பிச்சதும் அப்படித்தான்."

"உங்களுக்கா?"

"பின்னே? சத்து மாத்திரை என்ன, உனக்கு மட்டும்தான் சொந்தமா?"

ஸ்டூல், எண்ணெய்ச் சட்டி, டி.வி., தாழ்ப்பாள் எல்லாம் வரிசையாக அவள் கண்முன் வந்து போயின. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாமே, அத்தை."

"நானா கேட்டா குத்திக் காட்டற மாதிரி ஆயிடும். நீயா சொல்லட்டும்னு இருந்தேன். அதுவரைக்கும் நீ தூக்கம் கெட்டு வலிப்பை வரவழைச்சுக்காம, எங்கேயும் விழுந்து வைக்காம இருக்கணுமே!"

டாக்டரம்மா இப்போதுதான் மூச்சு விட்டார். "முதல்ல பல்லைச் சுத்தம் பண்ணிடலாம். நரம்பு டாக்டரைப் பாருங்க, அவர் மெல்ல மெல்ல வேற மாத்திரைக்கு மாத்துவார். நீங்களா எதையும் நிறுத்தக் கூடாது. அப்படியும் ஈறு இறங்கலைன்னா, மரத்துப்போக ஊசி போட்டு, அதிகமா வளர்ந்ததை எடுத்துடலாம்."

"வெட்டுவீங்களா!" என்றாள் மருமகள்.

"அட, எனக்கும் எடுத்தாங்க. இங்க பாரு" என்று மாமியார் கடைவாய் வரை தெரிய ஈ என்று இளித்துக் காட்டினார்.

அந்தக் கோலத்தைப் பார்த்து மருமகள் விழுந்து விழுந்து சிரித்தாள். கை வாயைப் பொத்தப் போகவே இல்லை.

வாசலுக்கு வந்ததும் மாமியார் அவளை ஓரமாக இழுத்துக் குரலைத் தாழ்த்தினார்.

"என் விஷயத்தை உன் புருஷன்கிட்ட மட்டும் சொல்லிடாதே. பயந்துடுவான்."