மருத்துவ அவசியம் இல்லை

பேனாவை இடது கையில் பிடித்துக்கொண்டு, எங்கே கையெழுத்துப் போடுவது என்றே தெரியாதவர்போலப் படிவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார் பெரியவர். அந்த பிசியோதெரபி சென்டரின் பில்லிங் கவுன்டரில் பன்னிரண்டு வருடமாக உட்கார்ந்திருப்பவளுக்கு, எல்லோரும் ‘பில் அக்கா’ என்று கூப்பிடுபவளுக்கு, மனசு இளகிவிட்டது.

“இன்ஷூரன்ஸ்னா ஒண்ணும் பயப்படாதீங்க சார். நாங்க பில் அனுப்புவோம். அவங்க படிச்சுப் பார்த்துட்டுப் பணம் தருவாங்க. புரியுதா?” என்று சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

“படிச்சுப் பார்ப்பாங்களா?”

“பார்க்கணும் சார்.”

பெரியவர் லேசாகச் சிரித்தார்.

குளியலறையில் வழுக்கி விழுந்ததில் அவருடைய வலது மணிக்கட்டு முறிந்திருந்தது. மாவுக்கட்டைப் பிரித்தபோது கை மரக்கட்டையாக விறைத்து நின்றது. அதற்காக ஒரு பிரேஸ் மாட்டியிருந்தார்கள். அரை மணிக்கு ஒருமுறை அதன் திருகைத் திருப்பினால், மணிக்கட்டு மயிரிழை மயிரிழையாக வளைந்துகொடுக்கும். பிரேஸின் முதல் மாத வாடகையை இன்ஷூரன்ஸ் கொடுத்துவிட்டது. இரண்டாம் மாதத்துக்கான பதில் அன்றுதான் தபாலில் வந்திருந்தது.

பில் அக்கா உறையைக் கிழித்துக் கடிதத்தை வாசித்தாள். “தங்கள் கோரிக்கையைக் கவனமாகப் பரிசீலித்தோம்…”

“மருத்துவ அவசியம் இல்லை எனக் கருதுகிறோம்,” என்று முடித்தார் பெரியவர்.

“அதேதான் சார். எல்லாருக்கும் இதைத்தான் அனுப்புறாங்க, ஊருக்கே மனப்பாடம் ஆயிடுச்சு,” என்று சலித்துக்கொண்டு மேலே படித்தாள். “சாதாரணப் பட்டையே போதுமாம். இன்னொரு கையால நீங்களே வளைச்சுக்கணுமாம்.”

வெள்ளிக்கிழமைக்குள் அனுமதி வராவிட்டால், வாடகைக்குக் கொடுத்தவர்கள் வந்து பிரேஸைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். நடுவில் நிறுத்தினால் மணிக்கட்டு பழையபடி இறுகிவிடும், அப்புறம் ஆபரேஷன்தான் என்று தெரபிஸ்ட் சொல்லியிருந்தார்.

“வீட்டுல எப்படி சார் சமாளிக்கிறீங்க?”

“சட்டைப் பட்டனை வீட்டுக்காரிதான் போட்டுவிடுறா. பட்டனுக்கு ஒரு குறை சொல்றா. என் சட்டையில ஏழு பட்டன்மா.”

பில் அக்காவுக்குச் சிரிப்பும் வந்தது, ரோஷமும் வந்தது. கம்ப்யூட்டரைத் தன் பக்கம் இழுத்தாள். “விடக்கூடாது சார். அப்பீல் போடறேன். ராத்திரி பகலா வலியில துடிக்கிறார்னு உருக்கமா எழுதிடறேன்.”

“வலின்னு எழுதாதீங்கம்மா. அளக்க முடியாதுன்னு ஓரமா வச்சிடுவாங்க. டிகிரியை எழுதுங்க. போன மாசம் பத்து டிகிரி வளைஞ்சுது, இந்த மாசம் முப்பத்திரண்டு. ரெண்டு தேதியும் பக்கத்துல பக்கத்துல இருக்கட்டும்.”

அவள் தட்டச்சு செய்தாள்.

“தினம் எத்தனை மணி நேரம் மாட்டியிருந்தேன்னு வீட்டுக்காரி காலண்டர்ல குறிச்சிருக்கா. அதையும் இணைச்சிடுங்க. கடைசியா, இதைப் பரிசீலனை பண்ணினவர் எலும்பு டாக்டர்தானான்னு ஒரு வரி கேளுங்க. அந்த ஒரு கேள்விக்குத்தான் அவங்ககிட்ட பதில் இருக்காது.”

அவள் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். “வக்கீலா இருந்தீங்களா சார்?”

“இல்லம்மா. ஒரு ஆபீஸ்ல உக்காந்து பேப்பர் பார்த்துக்கிட்டிருந்தேன். ரிட்டயர் ஆயிட்டேன்.”

வியாழக்கிழமை மத்தியானம் அனுமதி வந்துவிட்டது. ஒரு மாதம் கேட்டதற்கு இரண்டு மாதம் கொடுத்திருந்தார்கள். பில் அக்கா தகவல் சொன்னதும் பெரியவர் உடனே புறப்பட்டு வந்தார். புதுக் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

“பன்னிரண்டு வருஷத்துல முதல் அப்பீல்லயே ஜெயிச்சது இதுதான் சார்,” என்றாள் பில் அக்கா. பிரேஸ் கையை விட்டுப் போகாது என்று தெரிந்ததும் அவளுக்கு அடக்கிவைத்த கோபமெல்லாம் வெளியே வந்தது. “எத்தனை பேர் அந்த மறுப்பு லெட்டரைப் பார்த்துட்டு, நம்மால ஆகாதுன்னு பேசாம எழுந்து போயிருக்காங்க தெரியுமா? அதை முதன்முதல்ல எழுதினவன் கையில ஒரு மாசம் இந்த பிரேஸை மாட்டிவிடணும் சார். அப்பத்தான் புத்தி வரும்.”

பெரியவர் இடது கையால் பிரேஸின் திருகை ஒருமுறை திருப்பினார்.

“எழுதினவன் நான்தாம்மா. வந்துடுச்சு.”