சுவரைப் பார்த்த பலகை

ரோஸ்மேரி மாடியேறி உள்ளே வந்ததும், கன்னையன் நிர்வாகிகள் பெயர்ப் பலகையை அவசரமாகச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார்.

"கண்ணு பட்டுருமுங்களே," என்றார் பக்கத்திலிருந்த ஆடிட்டர் மணியனிடம், அவள் காதில் விழும்படியாக. அறையே சிரித்தது. சன்னல்களைத் திறந்து வைத்தும் பெயிண்ட் வாடை போகவில்லை.

பனியன் ஊரின் ராயபுரத்திலிருந்த அந்த அறக்கட்டளைச் சட்ட வல்லுநர் சங்கத்தில் ரோஸ்மேரியையும் சேர்த்து நாற்பத்தொரு உறுப்பினர்கள். கோயிலோ சர்ச்சோ கம்பெனி முதலாளியோ, யார் டிரஸ்ட் தொடங்கினாலும் பத்திரம் எழுதித் தருபவர்கள். "நிர்வாகிகள் பட்டியலை வருசா வருசம் பதிவு ஆபீஸ்ல குடுத்துருங்க" என்று ஊரையே விரட்டுபவர்கள்.

பதினெட்டு வருடத்தில் அந்தப் பலகையில் ஒரு பெண் பெயர் ஏறியதில்லை. தெற்கேயிருந்து பிழைக்க வந்தவர் பெயரும் ஏறியதில்லை. ஏழு பேர் கமிட்டியில் கடைசி இடம் கிடைத்தால்கூட ரோஸ்மேரிக்குப் போதும்.

முதலில் அவளுக்கு நிற்கிற எண்ணமே இல்லை. போன கூட்டத்தில் செயலாளர் கன்னையன்தான் மைக்கைப் பிடித்துக் கேட்டார். "மண்ணரை பனியன் கம்பெனில துணி மடிச்சுப் போட்டவங்க மகளுக்கெல்லாம் கமிட்டி சேர் கேக்குதுங்களா?" அன்று சாயங்காலமே அவள் வேட்புமனுவை நீட்டிவிட்டாள்.

"இப்பவும் வாபஸ் வாங்கிக்கலாமுங்க மேடம்," என்றார் கன்னையன். "மூணு ஓட்டு வாங்கிட்டு அழுவோணுமுங்களா?"

"எண்ணி முடிச்ச பொறவு யாரு அழுதான்னு பாப்போம் சார்."

"வாயப் பாருங்க வாய!" என்றார் மணியன். "தெக்கத்தி வெயிலுங்க, சுடத்தான் செய்யும்."

ஓட்டுப் பெட்டி, ஏற்றுமதிக்கு வைத்திருந்த பனியன் அட்டைப்பெட்டி. அவள் சீட்டுப் போடப் போனபோது நீட்டிய காலை ஒருவர்கூட மடக்கவில்லை. தாண்டித் தாண்டிப் போய்ப் போட்டுவிட்டு, கடைசி வரிசையில் தனியாக உட்கார்ந்தாள்.

தேர்தல் அதிகாரி ஆத்தப்பன் சீட்டுகளைப் பிரித்தார். முதல் சீட்டிலிருந்த ஏழு பெயர்களில் ரோஸ்மேரி பெயரும் இருந்தது. இரண்டாவதிலும். இருபதைத் தாண்டியதும் அவள் விரல் விட்டு எண்ணுவதை நிறுத்திவிட்டாள்.

"ரோஸ்மேரி, நாப்பத்தொண்ணு. அதிக ஓட்டு வாங்குனவங்கதான் நம்ம சங்கத்து வழக்கப்படி செயலாளருங்க," என்றார் ஆத்தப்பன். "கன்னையன், ஒண்ணுமில்லீங்க."

அவர் ஓட்டுக்கூட அவருக்கு விழவில்லை. காலை நீட்டியிருந்தவர்கள் எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். ரோஸ்மேரி எழுந்து முன்னால் வந்தாள். இத்தனை பேரையும் தப்பாக நினைத்துவிட்டோமே என்றிருந்தது.

கன்னையன் பலகையைத் திருப்பினார். 'செயலாளர்' என்பதற்கு நேரே வெள்ளை எழுத்தில் அவள் பெயர். தொட்டுப் பார்த்தாள். விரலில் ஒட்டவில்லை. நேற்றே எழுதிக் காய்ந்த எழுத்து.

"சார், இப்பத்தான எண்ணி முடிச்சாங்க?"

"அன்னிக்கு மைக்குல அப்படிச் சொல்லாட்டி நீங்க நின்னிருப்பீங்களாக்கும்?" என்று சிரித்தபடி, கோட்டுப் பையிலிருந்து ஒரு பழுப்பு உறையை எடுத்து அவள் கையில் வைத்தார்.

பதிவு அலுவலகத்தின் கடிதம். ஆறு வருடங்களாகச் சங்கம் தன் நிர்வாகிகள் பட்டியலைக் கொடுக்கவே இல்லை. பதவியில் இருக்கும் செயலாளர் நேரில் வந்து விளக்கம் தர வேண்டும். தவறினால் பதிவு ரத்து, செயலாளர் மீது நடவடிக்கை.

அவள் நிமிர்ந்தபோது நாற்காலிகள் பாதி காலியாகியிருந்தன. படியிறங்கப் போன கன்னையன் திரும்பிப் பார்த்துக் கும்பிட்டார்.

"நாளைக்குக் காலைல பத்து மணிக்குங்க, செயலாளரம்மா."