முனிசாமியின் சம்மதம்

தாமல் கிராமத்து முனிசாமியின் பழைய துப்பாக்கி லைசென்ஸை மகன் கண்ணாயிரம் பெயருக்கு மாற்ற, விசாரணைக்கு வந்திருந்தார் ரெவின்யூ இன்ஸ்பெக்டர். கண்மூடிப் படுத்திருந்த முனிசாமியின் தலையணையை மனைவி அங்கம்மாளும் மகனும் ஆளுக்கொரு பக்கம் தாங்கிப் பிடித்தார்கள்.

"பேச்சு நின்னுபோச்சு சார்," என்றாள் அங்கம்மாள்.

"அப்போ தலையாவது ஆட்டணும். சம்மதம் இல்லேன்னா துப்பாக்கி போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிடும்மா. பெரியவரே, மகனுக்குக் கொடுக்கலாமா?"

தலை அழுத்தமாக இருமுறை அசைந்தது. இன்ஸ்பெக்டர் கையெழுத்திட்டுக் கிளம்பினார்.

கண்ணாயிரம் பெருமூச்சு விட்டான். "பரம்பரைத் துப்பாக்கி. ஸ்டேஷனுக்குப் போயிருந்தா நம்ம வீட்டு மானமே போயிருக்கும். விடியக்காலமே அப்பா உசுரு போனது அந்தாளுக்குத் தெரியவே இல்ல. எப்படிம்மா தலைய அப்படி ஆட்டின?"

அங்கம்மாள் தலையணையிலிருந்து கையை உதறி எடுத்தாள்.

"நானா? நீ ஆட்டறேன்னு இல்ல நெனச்சுக்கினு இருந்தேன்!"