புல்லாலே ஒரு பிள்ளை

கிட்ட வாங்க கண்ணுகளா, ஒரு தையல்காரரின் கதை சொல்கிறேன்.

தொலைந்துபோன மகனுக்குப் புல்லால் உடம்பு செய்து எரித்தாயிற்று. எள்ளும் தண்ணீரும் விடக் கையை நீட்டினார் தையல்காரர்.

"உயிரோட இருந்துட்டா பாவமாச்சே, மாமா?" மருமகள் விம்மினாள்.

"இருந்தா இத்தனை வருஷத்துல வந்திருக்க மாட்டானாம்மா? நீ காத்துக் கிடந்தது போதும். இனிமேலாவது உனக்கொரு வாழ்க்கை அமையட்டும்."

"பெத்தவரே பிள்ளைக்குச் செய்யும்படி ஆயிடுச்சே," என்றார் புரோகிதர்.

கழற்றி வைத்திருந்த சட்டைக்குள் ஃபோன் அடித்தது. எடுத்தார்.

"அப்பா, நான்தான். எனக்கு இங்க ரெண்டாவதும் பையன் பொறந்திருக்கான். வழக்கம்போல அவளுக்கு மட்டும் தெரிய வேண்டாம்."

"அப்படி யாரும் இங்க இல்லீங்க. ராங் நம்பர்."

ஃபோனை அணைத்தார். "விடலாமா, சாமி?" என்று கேட்டுத் தண்ணீரை விட்டார்.

உங்கள் வீட்டுப் பெற்றவர் கைக்கு இந்த எள் வராமலே இருக்கட்டும், என் செல்வங்களே.