தலை தட்டும் உத்தரம்

"இது வீடா? தண்ணி போட்டவன் நிக்கிற மாதிரில்ல நிக்குது" என்றார் கிழவர். கையில் அளவு நாடாவோடு சுவருக்குச் சுவர் அளந்துகொண்டிருந்தார்.

ஹெஸ்டருக்குப் பகீரென்றது. தனக்கும் கணவனுக்கும் முன்பே ஒருவர் வீடு பார்க்க வந்துவிட்டாரே. வாசலில் 'விற்பனைக்கு' என்ற பலகையைப் பார்த்த நாளிலிருந்து அவளுக்குத் தூக்கமே இல்லை. இந்த வீட்டைத் தவிர வேறு நினைப்பும் இல்லை.

தரகர் பிலிப்பா வழியில் ஆட்டு மந்தைக்குள் காரோடு மாட்டிக்கொண்டிருந்தாள். "கதவு திறந்துதான் இருக்கும், உள்ள போய்ப் பாத்துட்டிருங்க" என்று போனில் சொல்லியிருந்தாள். "வீட்டுக்காரர் மீன் பிடிக்கப் போயிட்டார். அதுவும் நல்லதுதான். வந்தவங்க எல்லாருக்கும் இல்லைன்னு சொல்லி அனுப்பிட்டார் மனுஷன்."

"நீங்களும் வாங்கறதுக்கா வந்திருக்கீங்க சார்?" என்று கேட்டாள் ஹெஸ்டர்.

"பாக்காம இருக்க முடியுமா? வாங்க, சமையலறையையும் பாத்துடுவோம்."

இவர்கள் பக்கம் திரும்பிப் பேசிக்கொண்டே கிழவர் நடந்தார். பேச்சு நிற்கவில்லை, தலையை மட்டும் சற்றுத் தாழ்த்திச் சமையலறைக்குள் போய்விட்டார். பின்னால் போன அவள் கணவன் டோபி நெட்டை ஆள். வாசலுக்கு மேலே ஓடிய உத்தரத்தில் நங்கென்று முட்டிக்கொண்டான்.

"ஹெஸ்டர், வேண்டாம். இந்த வீட்ல தலையோட வாழ முடியாது."

"சரியாச் சொன்னீங்க தம்பி" என்ற கிழவர், ஜன்னலோரம் இருந்த ஆப்பிளை எடுத்துத் தரையில் வைத்தார். அது தானாக உருண்டு கணப்படுப்பு வரை போய் நின்றது. "பாத்தீங்களா? ஒரு மரம் நேரா இருக்கா இங்க?"

ஹெஸ்டருக்குச் சுருக்கென்றது. "பச்சை ஓக் மரத்துல கட்டின வீடு சார். காயக் காய மரம் முறுக்கும். முறுக்க முறுக்க ஒண்ணையொண்ணு இன்னும் இறுக்கிப் பிடிச்சுக்கும். நானூறு வருஷமா விழல. நீங்க வந்திருக்கீங்கன்னு இன்னிக்கு விழுந்துடாது."

"சுவர் வெறும் குச்சியும் சாணி குழைச்ச களிமண்ணும்."

"அதனாலதான் மூச்சு விடுது. சிமென்ட் பூசிப் பாருங்க, ஈரம் உள்ளயே நின்னு மரம் மக்கிடும்."

கிழவர் விடுவதாக இல்லை. "யார் வாங்கினாலும் மொத வேலையா அந்த உத்தரத்தை அறுத்துத் தள்ளணும்."

ஹெஸ்டர் உத்தரத்தின் கீழே போய் நின்றுகொண்டாள். "மாடி மொத்தமும் அது மேலதான் சார் உக்காந்திருக்கு. அதை அறுத்துட்டுத்தான் இங்க இருக்கணும்னா எங்களுக்கு இந்த வீடே வேண்டாம்."

கிழவர் டோபியைப் பார்த்தார். "முட்டிக்கிட்டது நீங்க. நீங்க என்ன சொல்றீங்க?"

டோபி நெற்றியைத் தடவிக்கொண்டான். மனைவியின் முகத்தைப் பார்த்தான், அப்புறம் உத்தரத்தைப் பார்த்தான்.

"அது பாட்டுக்கு இருக்கட்டும் சார். நான் குனிஞ்சு போய்க்கறேன்."

ஹெஸ்டர் அவன் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கிழவர் நாடாவைச் சுருட்டிப் பைக்குள் போட்டார்.

அதற்குள் காலெல்லாம் சேறாக ஓடி வந்தாள் பிலிப்பா. "மன்னிச்சுக்குங்க, அந்த ஆடுங்க..." என்று ஆரம்பித்தவள், கிழவரைக் கண்டதும், "நீங்க மீன் பிடிக்கப் போகலையா?" என்றாள்.

"வாசல்ல இருக்கற பலகையைப் பிடுங்கிடு பிலிப்பா" என்றார் அவர். "என் வீட்டுக்குக் குனியத் தெரிஞ்ச ஆள் வந்தாச்சு."